மேரி வர்கீஸ்: வீல்சேரில் அமர்ந்து அறுவை சிகிச்சை செய்த வேலூர் டாக்டர் - பயோனிக் காலத்தில் அவர் கதை ஏன் முக்கியம்?

கையை இழந்த ஒருவர் பயோனிக் கையால் ஒரு முட்டையை உடையாமல் எடுத்து வைக்கும் வீடியோவை நீங்க பார்த்திருப்பீங்க. அரை நிமிடம் ஓடும். ஷேர் பண்ணிட்டு அடுத்த ரீல்ஸுக்குப் போயிடுவோம். அந்த அரை நிமிடத்துக்கு முன்னால் அவர் எத்தனை மாதம் பழகினார், பழக்கியது யார், அந்தக் கையோடு வேலைக்குத் திரும்பினாரா என்பதெல்லாம் வீடியோவில் வராது.

வீடியோவில் வராத அந்தப் பகுதிக்கு மருத்துவத்தில் ஒரு பெயர் உண்டு: மறுவாழ்வு மருத்துவம். நோயாளிகளைத் தங்கவைத்து இந்தச் சிகிச்சை தரும் துறை இந்தியாவில் முதன்முதலாக 1963ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில், அதாவது சி.எம்.சி.யில் உருவானது. அதற்குப் பொறுப்பேற்ற டாக்டருக்கு இடுப்புக்குக் கீழே உணர்வும் கிடையாது, அசைவும் கிடையாது. அவர் பெயர் மேரி வர்கீஸ்.

மேரி இறந்து சுமார் 40 ஆண்டுகள் ஆகின்றன. ஆனால் செயற்கைக் கை, ரோபோ கால், மூளையில் சிப் என்று இன்று நாம் பேசும் ஒவ்வொன்றிலும் அவர் எதிர்கொண்ட கேள்வி இருக்கிறது. கருவி கிடைத்துவிட்டது, சரி. அந்த மனிதர் வாழ்க்கைக்குத் திரும்ப வேறு என்னென்ன வேண்டும்?

யார் இந்த மேரி வர்கீஸ்?

1925ல் கொச்சியில் வசதியான ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் படித்துவிட்டு, மருத்துவம் படிக்க வேலூருக்கு வந்தார்.

அவர் வந்து சேர்ந்த இடத்துக்கே ஒரு பின்கதை உண்டு. அமெரிக்காவைச் சேர்ந்த டாக்டர் ஐடா ஸ்கடர் 1900ல் ஒரே ஒரு படுக்கையோடு வேலூரில் தொடங்கிய மருத்துவமனை அது. 1918ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியானது. பெண் நோயாளிகளைப் பார்க்கப் பெண் டாக்டர்கள் வேண்டும் என்பதுதான் அதன் அடிப்படையான நோக்கம். மேரியும் அதே பாதையில்தான் போனார். எம்.பி.பி.எஸ். முடித்து, மகப்பேறு மற்றும் மகளிர் மருத்துவத் துறையில் பணியில் சேர்ந்தார். மகப்பேறு மருத்துவர் என்றால் ராத்திரி பகல் பார்க்காமல் ஓட வேண்டும், மணிக்கணக்கில் நிற்க வேண்டும். அந்த வேலையைத்தான் அவர் விரும்பித் தேர்ந்தெடுத்திருந்தார்.

1954 ஜனவரி 30: என்ன நடந்தது?

அன்று மேரியும் சக இளம் டாக்டர்களும் ஒரு ஸ்டேஷன் வேகனில் பயணம் சென்றார்கள். வழியில் வண்டி பெரும் விபத்துக்குள்ளானது. மேரியின் முகத்தில் ஆழமான காயம். அதைவிடப் பெரிய காயம் முதுகில். தண்டுவடம் சேதமாகியிருந்தது. அப்போது அவருக்கு வயது 28.

தண்டுவடக் காயம் என்றால் என்ன என்பதை இங்கே கொஞ்சம் நின்று பார்த்துடலாம். முதுகெலும்பு உடைந்தால் எலும்பு கூடிவிடும். எலும்புக்குள் ஓடும் தண்டுவடம் அப்படிக் கூடாது. மூளையிலிருந்து கால்களுக்குப் போகும் கட்டளையும், கால்களிலிருந்து மூளைக்கு வரும் உணர்வும் அந்த இடத்தோடு நின்றுபோகும். நடக்க முடியாது என்பது வெளியே தெரியும் இழப்பு. சிறுநீர், மலம் கழிப்பதன் மீதான கட்டுப்பாடும் போய்விடும் என்பது வெளியே தெரியாத இழப்பு.

இன்னொன்றும் இருக்கு. இதைப் படிக்கும்போதே நீங்க நாற்காலியில் ஓரிரு முறை நகர்ந்து உட்கார்ந்திருப்பீங்க, உங்களுக்கே தெரியாமல். ஒரே இடத்தில் அழுத்தம் கூடினால் தோல் வலியை அனுப்பும், உடல் நகரும். தண்டுவடம் காயமானவருக்கு அந்த வலி போய்ச் சேராது. நகராமல் உட்கார்ந்தால் சில மணி நேரத்திலேயே அழுத்தம் விழும் இடத்தில் ரத்த ஓட்டம் தடைபட்டு, புண் தொடங்கிவிடும். முதல் உலகப் போரில் தண்டுவடக் காயம் அடைந்தவர்களில் பெரும்பாலோர் இந்தப் படுக்கைப்புண்ணாலும் சிறுநீர்ப் பாதைத் தொற்றாலும்தான் இறந்தார்கள்.

இவர்களைக் காப்பாற்ற முடியும் என்று செய்து காட்டியவர் லுட்விக் குட்மன். 1944ல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் தனிப் பிரிவு தொடங்கி, நோயாளிகளைக் குறித்த நேரத்தில் புரட்டிப் படுக்கவைத்து, உடற்பயிற்சியும் விளையாட்டும் கொடுத்து, வேலைக்கு அனுப்பினார். பாராலிம்பிக் போட்டிகளின் வேர் அங்கேதான் இருக்கிறது. ஆனால் அது இங்கிலாந்து. மேரிக்கு விபத்து நடந்த 1954ல் இந்தியாவில் அப்படி ஒரு சிகிச்சைப் பிரிவே கிடையாது. டாக்டரான அவருக்கே கிடையாது என்றால் மற்றவர்கள் நிலையை நீங்களே யோசிச்சுப் பாருங்க.

டாக்டர் என்றால் நின்றுதான் ஆக வேண்டுமா?

அப்போது சி.எம்.சி.யில் இருந்தவர் பால் பிராண்ட். 1914ல் கொல்லிமலையில் மிஷனரி தம்பதிக்குப் பிறந்தவர். லண்டனில் அறுவை சிகிச்சை படித்து, 1946ல் வேலூருக்கு வந்து, தொழுநோயாளிகளின் மடங்கிப்போன கைகளைச் சரிசெய்யும் அறுவை சிகிச்சையை வளர்த்தெடுத்தவர்.

மேரி இனி மருத்துவம் பார்க்க முடியாது என்பதே எல்லோருடைய கணக்காக இருந்திருக்கும். பிராண்டின் கணக்கு வேறு. வயிற்றில் அறுவை சிகிச்சை செய்பவர் நிற்க வேண்டும். கையில் அறுவை சிகிச்சை செய்பவர் பொதுவாக உட்கார்ந்துதான் செய்வார். நோயாளியின் கையை ஒரு சிறு மேசையில் நீட்டி வைத்து, எதிரில் அமர்ந்து, நரம்பும் தசைநாணும் தேடி மணிக்கணக்கில் செய்யும் நுணுக்கமான வேலை அது. மேரியின் கைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் ஏன் முடியாது?

மேரி வீல்சேரில் அமர்ந்தபடி தொழுநோயாளிகளின் கைகளில் அறுவை சிகிச்சை செய்யத் தொடங்கினார். பெரிய கண்டுபிடிப்பு எதுவும் இதில் இல்லை என்பதைக் கவனிங்க. ஒரு சக்கர நாற்காலி, சரியான உயரத்தில் ஒரு மேசை, உட்கார்ந்தும் செய்யக்கூடிய ஒரு வேலை. இந்த மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தபோது ஒரு டாக்டர் திரும்பக் கிடைத்தார். நாற்காலியை மட்டும் கொடுத்து வீட்டில் உட்காரவைத்திருந்தால் கிடைத்திருக்க மாட்டார்.

அந்த அறுவை சிகிச்சைக்கும் பயோனிக் கைக்கும் என்ன தொடர்பு?

தொழுநோய்க் கிருமி நரம்புகளைத் தாக்கும். முழங்கை வழியாகப் போகும் நரம்பு செயலிழந்தால் விரல்கள் நகம்போல மடங்கிவிடும். சோற்றைப் பிசைய முடியாது, பேனா பிடிக்க முடியாது, சட்டைப் பித்தான் போட முடியாது. இதற்கான அறுவை சிகிச்சையின் தத்துவம் எளிமையானது. விரல்களை இயக்கும் சிறு தசைகள் போய்விட்டன. ஆனால் முன்கையில் நல்ல தசைகள் மிச்சம் இருக்கின்றன. அவற்றில் ஒன்றின் தசைநாணை எடுத்து, விரல்களோடு இணைத்துவிட வேண்டும். மணிக்கட்டை அசைத்துவந்த தசை இனி விரலை அசைக்கும்.

தையல் போட்டதோடு வேலை முடியாது. மணிக்கட்டை அசைப்பதற்காக மூளை அனுப்பும் கட்டளை இனிமேல் விரலை அசைக்கும் என்பதை அந்த மனிதர் புதிதாகக் கற்க வேண்டும். வாரக்கணக்கில் பிசியோதெரபி தேவைப்படும். அதைச் செய்யாவிட்டால் அறுவை சிகிச்சையின் பலன் பெருமளவு வீண்தான்.

இப்போ பயோனிக் கைக்கு வருவோம். முழங்கைக்குக் கீழே கையை இழந்தவரின் மிச்சக் கையில் தசைகள் இன்னும் இருக்கும். அவர் அதை இறுக்கும்போது தோலின் மேற்பரப்பில் மில்லிவோல்ட் அளவிலான மின்சாரம் உண்டாகும். செயற்கைக் கையின் உள்பக்கத்தில் உள்ள எலெக்ட்ரோடுகள் அதைப் பிடித்து, மோட்டாருக்கு அனுப்பும். விரல் மூடும், திறக்கும். கை முழுவதையும் தோளோடு இழந்தவர்களுக்கு, கைக்குப் போய்க்கொண்டிருந்த நரம்புகளை மார்புத் தசைக்குத் திருப்பிவிட்டு, அங்கிருந்து சமிக்ஞை எடுக்கும் அறுவை சிகிச்சையும் உண்டு.

வேலூரில் அன்று செய்ததும் இதுவும் ஒரே குடும்பம்தான். மிச்சம் இருப்பதைக் கண்டுபிடி, அதை வேறு வேலைக்குத் திருப்பு, பிறகு மூளைக்குப் பழக்கு. மூன்றாவது படி மோட்டாரை வைத்து முடிக்கக்கூடியது இல்லை. அதற்கு ஒரு பயிற்சியாளரும் நேரமும் வேண்டும்.

இன்னொரு ஒற்றுமையும் இருக்கு. தொழுநோயாளிகளின் விரல்கள் குறைந்துபோவதற்குக் காரணம், வலி தெரியாததால் அடிக்கடி காயப்படுத்திக்கொள்வதுதான் என்று விளக்கியவர் பால் பிராண்ட். சூடான பாத்திரத்தைத் தொட்டாலும் தெரியாத கை அது. அந்தக் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்த மேரிக்கும் இடுப்புக்குக் கீழே வலி தெரியாது. இன்றைய செயற்கைக் கைகளிலும் பெரும்பாலானவற்றில் தொடு உணர்வு கிடையாது. அதைக் கொண்டுவருவதுதான் பயோனிக் ஆராய்ச்சியின் கடினமான கேள்விகளில் ஒன்று. வலி தெரிவது எவ்வளவு பெரிய வசதி என்பதை வேலூரின் நோயாளிகள் எப்போதோ காட்டிவிட்டார்கள்.

நியூயார்க் வரை போய் என்ன கற்றார்?

மேரி தன் மறுவாழ்வுச் சிகிச்சைக்காக ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்குச் சென்றார். வீல்சேரை நம்பியிருப்பவர் தன் வேலைகளைத் தானே எப்படிச் செய்வது என்று முறையாகச் சொல்லித்தரும் இடங்கள் உலகில் உண்டு என்பதை அவர் நேரடியாக அனுபவித்தார், நோயாளியாக.

அடுத்து டாக்டராகப் போனார். நியூயார்க்கில் ஹோவர்ட் ரஸ்க் நடத்திய மறுவாழ்வு மருத்துவ நிறுவனத்தில் பயிற்சி பெற்றார். இரண்டாம் உலகப் போரில் காயமடைந்த அமெரிக்க விமானப்படை வீரர்களோடு வேலை செய்தவர் ரஸ்க். சிகிச்சை முடிந்து படுக்கையில் சும்மா கிடந்த வீரர்களைப் பார்த்து, உயிரைக் காப்பாற்றுவதோடு மருத்துவம் முடிந்துவிடக் கூடாது என்று இந்தத் துறையை அமெரிக்காவில் வளர்த்தவர்.

இந்தத் துறை மற்ற துறைகளிலிருந்து எப்படி வேறுபடுகிறது? இங்கே டாக்டர் தனியாக எதுவும் செய்ய முடியாது. தசையைப் பலப்படுத்தப் பிசியோதெரபிஸ்ட், அன்றாட வேலைகளைப் பழக்க ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், செயற்கைக் காலும் காலிப்பரும் செய்ய டெக்னீஷியன், தோலையும் சிறுநீர்ப்பையையும் கவனிக்க நர்ஸ், குடும்பத்தோடு பேசச் சமூகப் பணியாளர். எல்லோரும் ஒரே நோயாளியைச் சுற்றி ஒரே திட்டத்தில் வேலை செய்ய வேண்டும். ஐ.டி. டீமில் இருக்கும் உங்களுக்கு இது சட்டென்று புரியும்.

1963: வேலூரில் என்ன உருவானது?

விபத்து நடந்து 9 ஆண்டுகள் கழித்து, 1963ல், சி.எம்.சி.யின் உடலியல் மருத்துவம் மற்றும் மறுவாழ்வுத் துறைக்கு மேரி பொறுப்பேற்றார். அப்போது அவருக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. அவர் வாழ்க்கையைப் பற்றி டோரதி கிளார்க் வில்சன் எழுதிய ‘டேக் மை ஹேண்ட்ஸ்’ என்ற ஆங்கில நூல் அதே ஆண்டு வெளிவந்து, அவரை வெளிநாடுகளிலும் அறிமுகப்படுத்தியது.

துறை வளர்ந்து, 1966ல் தனி நிறுவனமாகியது. மருத்துவமனையின் பரபரப்பிலிருந்து விலகி, பாகாயம் பகுதியில் அமைந்தது. உள்நோயாளிகளைத் தங்கவைத்து மறுவாழ்வுச் சிகிச்சை தரும் தனி நிறுவனமாக இந்தியாவில் அதுவே முதல்.

தங்கவைப்பது ஏன் முக்கியம்? தண்டுவடக் காயம் அடைந்தவர் கற்றுக்கொள்ள வேண்டிய பட்டியலைப் பாருங்க. கட்டிலிலிருந்து வீல்சேருக்குத் தானே மாறுவது. கைகளை ஊன்றி உடலைத் தூக்கி அழுத்தத்தைக் குறைப்பது. தோலைத் தினமும் கண்ணாடி வைத்துப் பரிசோதிப்பது. சிறுநீரைச் சுத்தமாக வெளியேற்றுவது. குளிப்பது, உடுத்துவது. வீட்டில் படி இருந்தால் என்ன செய்வது, கிராமத்தில் கழிப்பறைக்கு எப்படிப் போவது, திரும்பப் போய் என்ன தொழில் செய்வது. இவற்றில் எதையும் பத்து நிமிட ஓ.பி.யில் சொல்லித்தர முடியாது.

சொல்லித்தரும் டாக்டரே வீல்சேரில் வந்து எதிரில் நின்றால், நோயாளிக்கு அது எப்படி இருந்திருக்கும்? இனி உன்னால் முடியும் என்று நடக்கிறவர் சொல்வதற்கும், அதே நாற்காலியில் இருப்பவர் சொல்வதற்கும் உள்ள வித்தியாசம் நமக்கே தெரியும்.

1972ல் இந்திய அரசு மேரிக்கு பத்மஸ்ரீ வழங்கியது. மாற்றுத்திறனாளிகளுக்கான கருவிகளைத் தயாரிக்கும் அரசு நிறுவனமான அலிம்கோ, கான்பூரில் தொடங்கப்பட்டதும் அதே ஆண்டுதான். 1986 டிசம்பரில் மேரி காலமானார். வயது 61. விபத்துக்குப் பிறகு 32 ஆண்டுகள் வாழ்ந்திருக்கிறார். முன்பு வாழ்ந்த 28 ஆண்டுகளைவிட அது அதிகம்.

இன்று நிலைமை என்ன? எண்களைப் பார்ப்போம்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடி பேர். அதில் சுமார் 54 லட்சம் பேருக்கு கை, கால் இயக்கம் சார்ந்த குறைபாடு. உலக சுகாதார அமைப்பும் யுனிசெஃபும் 2022ல் வெளியிட்ட அறிக்கையின்படி, வீல்சேர், செயற்கைக் கால், காது கேட்கும் கருவி, கண்ணாடி போன்றவற்றில் ஏதாவது ஒன்று தேவைப்படுபவர்கள் உலகில் 250 கோடிக்கும் மேல். அவர்களில் கிட்டத்தட்ட 100 கோடி பேருக்கு அது கிடைக்கவில்லை. பணக்கார நாடுகள் சிலவற்றில் தேவைப்படுவோரில் 90 சதவீதம் பேருக்குக் கருவி கிடைக்கிறது. ஏழை நாடுகள் சிலவற்றில் 3 சதவீதம் பேருக்குத்தான்.

தொழில்நுட்பம் நிற்கவில்லை. முடங்கிய கால்களை மோட்டார் வைத்து நடக்கவைக்கும் ‘ரீவாக்’ என்ற கருவிக்கு 2014ல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. அதை அணிந்தாலும் ஊன்றுகோல் வேண்டும், பயிற்சி வேண்டும். 2023ல் சுவிட்சர்லாந்தின் லொசான் நகர ஆய்வாளர்கள், தண்டுவடம் காயமான ஒருவரின் மூளையிலும் தண்டுவடத்திலும் கருவி பொருத்தி, அவர் நினைத்தால் கால் அசையும்படி செய்த ஆய்வை வெளியிட்டார்கள். அதற்குப் பின்னாலும் நீண்ட பயிற்சி இருந்தது.

நம்ம பெங்களூருக்கும் இதில் பங்கு இருக்கு. 1994லிருந்து இங்கே இயங்கும் மொபிலிட்டி இந்தியா அமைப்பு, செயற்கைக் கால்கள் செய்வதோடு அதற்கான நிபுணர்களுக்கும் பயிற்சி கொடுக்கிறது. சென்னை ஐ.ஐ.டி. உருவாக்கி 2022ல் வெளியிட்ட ‘கதம்’ என்ற செயற்கை மூட்டில் இந்த அமைப்பும் கூட்டாளி. முழங்காலுக்கு மேல் காலை இழந்தவர்களுக்கான மூட்டு அது. ஒரே அச்சில் மடங்காமல் பல அச்சுகளில் மடங்குவதால் நடக்கும்போது தடுக்கி விழும் ஆபத்து குறையும்.

உங்க வீட்டில் ஒருவருக்குத் தேவைப்பட்டால்?

விபத்து, சர்க்கரை நோய், பக்கவாதம் - எது வழியாகவும் இந்தத் தேவை எந்த வீட்டுக்கும் வரலாம். அப்போது முதலில் கூகுள் பண்ணுவது கருவியின் விலையைத்தான். மேரி வர்கீஸின் வாழ்க்கையை வைத்துப் பார்த்தால் கேட்க வேண்டிய கேள்விகள் இன்னும் சில உண்டு.

• இவருக்கு மிச்சம் இருக்கும் திறன் என்ன? எந்தத் தசை, எந்த அசைவு, எந்த உணர்வு?

• அளவெடுத்துப் பொருத்துபவர் யார்? உடல் மெலிந்தாலோ பருத்தாலோ செயற்கைக் காலின் சாக்கெட்டை மாற்றித் தருவார்களா?

• பயிற்சி எத்தனை வாரம்? அதற்கான செலவு விலையில் சேர்ந்ததா, தனியா?

• பழுதானால் எந்த ஊரில் சரிசெய்வார்கள்? அதுவரை மாற்று என்ன?

• அவர் திரும்பப் போகும் வீடும் அலுவலகமும் அந்தக் கருவிக்கு ஏற்றபடி இருக்கிறதா?

கடைசிக் கேள்விக்கு ஒரு சின்ன வீட்டுப்பாடம் தர்றேன். ஒக்கலிபுரத்திலிருந்து மெஜஸ்டிக் ரயில் நிலையம் நடந்து போகும் தூரம்தான். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, உங்க தெருமுனையிலிருந்து பிளாட்பாரம் வரை எத்தனை படி, எத்தனை மேடு, எங்கே நடைபாதை நின்றுபோகிறது என்று எண்ணிக்கொண்டே போங்க. அப்படியே உங்க அலுவலகத்திலும் எண்ணுங்க. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 பொது இடங்கள் எல்லோருக்கும் எட்ட வேண்டும் என்கிறது, அரசு வேலையில் 4 சதவீத இடஒதுக்கீடும் தருகிறது. ஆனால் மேசையின் உயரத்தைச் சரிசெய்ய வேண்டியது பக்கத்து சீட்டில் இருக்கும் நாம்தான்.

சென்னைக்குப் போகும் உங்க ரயில் காட்பாடியைத் தாண்டித்தான் போகும். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில், பாகாயத்தில், மேரி தொடங்கிய நிறுவனம் இன்றும் நடக்கிறது. அவர் பெயரிலான அறக்கட்டளை மாற்றுத்திறனாளிகளுக்குத் தொழிற்பயிற்சி கொடுக்கிறது. சிகிச்சை முடித்துப் போன பழைய நோயாளிகள் மறுபடி வந்து கூடும் ‘ரீஹாப் மேளா’ என்ற நிகழ்ச்சியையும் அந்த நிறுவனம் நடத்துகிறது. வருபவர்களின் உடல்நிலை, தொழில், குடும்பம் எப்படி இருக்கிறது என்று அங்கே விசாரிப்பார்கள்.